வேப்பிலைப் பெட்டி

கமர் நிஷா பி.எட். படிக்கப் போனது டீச்சர் ஆவதற்காக அல்ல, பொழுது போவதற்காக. யார் கேட்டாலும் அவள் இதை ஒளிக்காமல் சொல்வாள். இயற்பியல் பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சை எழுதிய பத்தாம் நாள் ஏர்வாடியில் அவளுக்கும் அசன் மைதீனுக்கும் நிக்காஹ் நடந்தது. இரண்டே மாதத்தில் அவன் வளைகுடாவில் தம்மாமுக்குப் புறப்பட்டுப் போனான். அங்கே ஒரு பெரிய கம்பெனியின் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஒன்பது வருடத்தில் நான்கு தடவை விடுப்பில் வந்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் வீடு விருந்தாளிகளாலும் அத்தர் வாசனையாலும் நிறையும். பிறகு ஒரு காலையில், துடைத்துவிட்டது போலக் காலியாகும். பிள்ளை உண்டாகவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் அவளிடம் நேராகப் பேசுவதில்லை. பேசாமல் இருப்பது மட்டும் அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

"வீட்டுக்குள்ளயே கெடந்தா மனசு கெட்டுரும் புள்ள. ஏதாவது படி. பேமிலி விசா கெடைக்கட்டும், அன்னைக்கே எல்லாத்தையும் விட்டுட்டு வந்துரு" என்று போன விடுப்பில் அசன் மைதீன்தான் சொன்னான். கல்லூரிப் பேருந்து தெருமுனைக்கே வரும் என்று தெரிந்ததும் மாமியும் சரி என்றாள்.

முதல் வருடம் பொழுதுதான் போனது. குறிப்பு எழுதினாள், சார்ட் வரைந்தாள், மனவியல் தாளில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். எதுவும் ஒட்டவில்லை. இரண்டாம் வருடம் பதினாறு வாரப் பயிற்சிக்கு அவளைக் களக்காட்டில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அனுப்பினார்கள். கூடவே சுடலைவடிவு என்ற பெண்ணும் வந்தாள். இருபத்துமூன்று வயது, எதற்கும் சிரிக்கிறவள், நிஷாவை அக்கா என்று கூப்பிடுவாள். இரண்டு பேருக்கும் ஒன்பதாம் வகுப்பு அறிவியல்.

நான்காம் வாரம் ஒரு நாள் நிஷா ஒலியைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தாள். பின்பெஞ்சிலிருந்து கிறிஸ்டி என்ற பெண் எழுந்தாள். "அப்பம் மீனு கத்துனா தண்ணிக்குள்ள கேக்குமா டீச்சர்?" வகுப்பு கொல்லென்று சிரித்தது. தெரியாது, படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றாள் நிஷா. சாயங்காலம் ஏர்வாடி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே கைப்பேசியில் மீன்களின் சத்தத்தைப் பற்றித் தேடித் தேடி வாசித்தாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதும் தெரியவில்லை. திரும்பி நடக்கும்போது, எத்தனையோ வருடமாக எதற்காகவும் தான் இப்படி மெய்மறந்ததில்லை என்று தோன்றியது. மறுநாள் காலை எப்போது விடியும் என்று இருந்தது.

அக்டோபர் தொடக்கத்தில், அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த ஞானையா சார் அவளைக் கூப்பிட்டார். அவருக்குப் பாடம் நடத்துவதைவிடக் கணினியில் விவரம் ஏற்றுகிற வேலைதான் அதிகம்.

"எம்மா, வண்ணார்பேட்டையில அறிவியல் கண்காட்சி. நம்ம பள்ளிக்கூடத்துலருந்து ஒண்ணு போகணும். நீங்களே பாத்துக்கிடுங்க. எரிமலை மட்டும் வேண்டாம். மூணு வருசமா எரிமலைய தூக்கிட்டுப் போயி எனக்கு வெக்கமாயிருக்கு."

கிறிஸ்டியும், நன்றாகப் படம் வரைகிற அனுராதாவும் முன்வந்தார்கள். வாழைக்காய் என்ற யோசனை கிறிஸ்டியுடையது. அவளுடைய அப்பா வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுகிறவர். வேப்பிலை போட்டு மூடினால் ஏத்தன் வாழைக்காய் இரண்டு மூன்று நாளில் பழுக்கும் என்று அவர் சொல்வாராம். நிஷா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். பழுத்த பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும், அது பக்கத்திலிருக்கும் காயையும் பழுக்க வைக்கும். அப்படியானால் இரண்டையும் பார்த்துவிடுவோம் என்று முடிவாயிற்று. மூன்று அட்டைப்பெட்டிகள். ஒன்றில் வெறும் காய், மூடாமல். இன்னொன்றில் காயும் வேப்பிலையும். மூன்றாவதில் காயும் ஒரு பழுத்த பழமும். பார்க்கிறவர்களுக்கு உள்ளே தெரிய வேண்டும் என்று மூடிய பெட்டிகளில் சன்னல் வெட்டினார்கள். கண்ணாடித்தாள் ஒரு பெட்டிக்குத்தான் போதுமானதாக இருந்தது. வேப்பிலைப் பெட்டிக்கு அனுராதா வீட்டிலிருந்து கொசுவலைத் துண்டு கொண்டுவந்து ஒட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டிக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் குரல்செய்தி வந்தது. நிஷா தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் நின்று காதில் வைத்தாள்.

"நிஷா, அல்ஹம்துலில்லா! கெடச்சிட்டு புள்ள. கம்பெனி குவார்ட்டர்ஸ்ல என் முறை வந்துட்டு. விசாவுக்கும் கையெழுத்து ஆயிட்டு. நவம்பர் பத்துக்குள்ள நீ இங்கன வந்து எறங்கணும். இல்லன்னா வீட்ட அடுத்த ஆளுக்குக் குடுத்துருவான். உம்மாட்ட நீயே சொல்லு."

ஒன்பது வருடமாகத் தொழுகை முடிந்து கையேந்தும்போதெல்லாம் அவள் கேட்டது இது ஒன்றுதான். வேண்டியது கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் கண் நிறைந்தது உண்மை. அதே மூச்சில், நவம்பர் பத்து என்றால் பயிற்சி முடிய இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும், மே மாதப் பரீட்சையும் எழுத முடியாது என்று மனம் கணக்குப் போட்டதும் உண்மை. அப்படிக் கணக்குப் போட்ட மனதை அவளுக்கே பிடிக்கவில்லை.

வீட்டில் மாமி செய்தியைக் கேட்டு அவள் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டாள். "சபுரா, பொறுமையா இருந்தேல்லா, அல்லா குடுத்துட்டான். போயி ரெண்டு பேரும் ஒண்ணா இருங்க. மத்ததெல்லாம் தானா நடக்கும்."

மத்ததெல்லாம் என்றால் எது என்று நிஷாவுக்குத் தெரியும். அவளுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அசன் மைதீன் வீடியோவில் வந்தான். சாவி கிடைத்திருந்தது. காலி வீட்டில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டே நடந்தான். அவன் காலடிச் சத்தம் எதிரொலித்தது. "இதான் அடுக்களை. இங்கன நீ நிப்ப. இந்தச் சன்னல் வழியா பாத்தா நான் வேலை முடிஞ்சு வாரது தெரியும். குழாயைத் தெறந்து காட்டட்டா? தண்ணி நல்லா வருது, பாரு." குழாயைத் திறந்து காட்டினான். நாற்பதை நெருங்குகிற மனிதன், முன்நெற்றி ஏறிவிட்டது, குழாய்த் தண்ணீரைக் காட்டிக் குழந்தை மாதிரி சிரிக்கிறான். திரைக்குள் கையை விட்டு அந்த நெற்றியைத் தொட வேண்டும் போல அவளுக்கு இருந்தது.

"படிப்ப பத்தி ஒண்ணும் வருத்தமில்லையே?" என்று கேட்டான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள்.

பள்ளியில் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கண்காட்சி வரைக்குமாவது இருக்கட்டும் என்று நினைத்தாள்.

கண்காட்சி ஒரு வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலையில் மூன்று பெட்டியிலும் ஒரே தாரிலிருந்து வெட்டிய காய்களை வைத்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் பார்த்தபோது, பழம் வைத்த பெட்டியில் காய்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. திறந்த பெட்டியில் அப்படியே பச்சை. வேப்பிலைப் பெட்டியில் மட்டும் மூன்று காய் பச்சையாகவும் ஒன்று நல்ல மஞ்சளாகவும் இருந்தது. நிஷா அந்த ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். காம்பு வேறு மாதிரி வெட்டப்பட்டிருந்தது. அது அந்தத் தாரின் காயே அல்ல.

"இத யாரு வச்சது?"

அனுராதா தரையைப் பார்த்தாள். கிறிஸ்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான்தான் டீச்சர். எங்க அப்பா சொன்னா பொய்யாவாது. வேப்பிலையில பழுக்கணும், பழுக்க மாட்டேங்குது. எல்லாரும் வந்து பாக்கும்போது எங்க அப்பா சொன்னது தப்புன்னு ஆயிரும்லா?"

நிஷாவுக்குக் கோபம் வரவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "பழுக்கணும்ங்கது ஒன் ஆச. பழுத்துச்சா இல்லையாங்கதுதான் சோதனை. ஆசைய பெட்டிக்குள்ள வச்சுட்டு சோதனைன்னு பேரு எழுதக் கூடாதும்மா. என்ன நடந்துச்சோ அதச் சொல்லுவோம். ஏன் நடக்கலன்னு கேட்டா, தெரிஞ்சா சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

கிறிஸ்டி அந்தப் பழத்தை எடுத்துவிட்டாள். நிஷா வீட்டுக்குப் போனதும் மாமி புது சூட்கேஸை எடுத்து வெளியே வைத்திருப்பதைப் பார்த்தாள். அதெல்லாம் ஒண்ணுமில்ல என்று அவனிடம் சொன்ன தன் குரல் காதுக்குள் கேட்டது. ஆசையைப் பெட்டிக்குள் வைக்காதே என்று பிள்ளைக்குச் சொன்ன வாய்தானே இதுவும் என்று கூசியது.

வண்ணார்பேட்டையில் அந்தப் பள்ளியின் பெரிய கூடம் முழுக்க மேசைகள். வெளியே பஸ்களின் ஹாரன், உள்ளே பிள்ளைகளின் கூச்சல். எண்ணிப் பார்த்ததில் ஏழு எரிமலைகள் இருந்தன. நடுவர்கள் வரும்போது ஆசிரியர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நிஷாவும் வடிவும் கயிற்றை ஒட்டி நின்றார்கள்.

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை நடுவராக வந்தார். கிறிஸ்டி ஒப்பித்த மூன்று நிமிடப் பேச்சைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு வேப்பிலைப் பெட்டியைக் காட்டினார்.

"இங்கே பழுக்கவில்லை. ஆனால் ஊரில் காலங்காலமாக இப்படித்தானே பழுக்க வைக்கிறார்கள்? எல்லாருமா ஏமாந்துபோனார்கள்?"

கிறிஸ்டி திரும்பி நிஷாவைப் பார்த்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து நிஷா எதுவும் சொல்லக் கூடாது. வடிவு அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கிறிஸ்டி பெட்டியைப் பார்த்தாள். கொசுவலையின் மேல் விரலை வைத்தாள். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடித்தாளின் மேலும் விரலை வைத்தாள். பிறகு அவள் குரல் மாறியது. ஒப்பிக்கிற குரல் போய், வகுப்பில் மீனைப் பற்றிக் கேட்ட குரல் வந்தது.

"மேடம், நாங்க ஒரு தப்பு செஞ்சிருக்கோம். இந்தப் பெட்டிக்கு வலை ஒட்டிட்டோம், இதுக்குத் தாளு ஒட்டிட்டோம். வலைக்குள்ள வாயு நிக்காதுல்லா? காயே கொஞ்சம் வாயு விடுமாம். எங்க அப்பா வேப்பிலைய போட்டு, மேல சாக்க வச்சு இறுக்கி மூடுவாக. அப்பம் எல பழுக்க வைக்கலியோ, மூடுனதுதான் பழுக்க வைக்குதோ? எங்களுக்குத் தெரியல. தெரியணும்னா ரெண்டுக்கும் ஒரே தாளு ஒட்டி, இன்னொரு தடவ செய்யணும்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "செய்து பார்" என்று சொல்லிவிட்டு, ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

கொசுவலையை நிஷாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், வாரம் முழுக்க. அவளுக்குத் தோன்றாதது இந்தப் பெண்ணுக்குத் தோன்றிவிட்டது, அதுவும் அத்தனை பேர் முன்னால். மார்புக்குள் எதுவோ பொங்கி வந்தது. அழுகை மாதிரி இருந்தது, அழுகை இல்லை. இந்த இடத்தில், இந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கத்தில், இன்னும் எத்தனையோ தடவை நிற்க வேண்டும் என்ற ஆசை அது. பசி மாதிரி அது அவளைப் பிடித்துக்கொண்டது.

பரிசு கிடைக்கவில்லை. மழைநீரைச் சேமிக்கும் ஒரு வீட்டு மாதிரிக்கு முதல் பரிசு போயிற்று. பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளைகள் மீதிப் பழங்களை உரித்துத் தின்றார்கள். பின்சீட்டில் வடிவிடம் மட்டும் நிஷா விசா விஷயத்தையும், போவதா வேண்டாமா என்று தயங்குவதையும் சொன்னாள்.

"போகலன்னா இந்தப் பிள்ளைகளுக்காவயாக்கா?" என்றாள் வடிவு. "நாம எப்படியும் நவம்பர் கடைசியில கெளம்பப் போறோம். அடுத்த வருசம் இதுகளுக்கு வேற டீச்சர் வந்துருவாக."

"தெரியும்ளா" என்றாள் நிஷா. அதுதான் அவளுக்கும் உறைத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்காக என்று சொல்லித் தப்பிக்கவும் வழி இல்லை.

மறுநாள் வெள்ளி. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு மொட்டைமாடியில் துணி எடுக்கிற சாக்கில் ஏறி அவனைக் கூப்பிட்டாள். அவன் திரைச்சீலைக்கு அளவு எடுத்து வைத்திருந்தான். எந்த நிறம் என்று கேட்டான்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "எனக்கு வரணும்னு இருக்கு. ஒம்பது வருசமா நான் வேற எதுக்கும் துஆ கேட்டதில்ல. அது உண்ம. படிப்ப விடுததுல வருத்தமில்லன்னு சொன்னேம்லா, அதுதான் பொய்."

"அப்பம்?"

"படிப்ப முடிச்சுட்டு வாரேனே."

"எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காவயா?"

"இல்ல. எனக்காவத்தான்."

"நேரம் போகட்டும்னு நான்தானே படிக்கச் சொன்னேன்?"

"நீங்கதான் சொன்னிய. அதுக்காக ஆயுசு பூரா ஒங்களுக்கு துஆ செய்வேன். ஆனா இது இப்பம் நேரம்போக்கு இல்ல."

"வீடு போயிரும் நிஷா. இன்னொரு தடவ முறை எப்பம் வருமோ, வருமோ வராதோ."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லுதியா?"

அவள் பதில் சொல்வதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டது. சிக்னல் போனதா, அவன் வைத்துவிட்டானா என்று தெரியாமல் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மேற்கே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் தெரிந்ததும் மாமி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. தட்டை முன்னால் வைத்துவிட்டு எழுந்து போவாள். ஒரு தடவை மட்டும், சுவரிடம் சொல்வது போலச் சொன்னாள்: "எம்மவன் ஒத்தையில ஆக்கித் தின்னுட்டுக் கெடக்கான்." ஒவ்வொரு வேளையும் முதல் கவளத்தை எடுக்கும்போது நிஷாவும் அதைத்தான் நினைத்தாள்.

ஐந்து நாள் அவனிடமிருந்து எதுவும் இல்லை. ஆறாம் நாள் குரல்செய்தி வந்தது. பள்ளி ஆய்வகத்தில், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று கேட்டாள்.

"சாவிய திருப்பிக் குடுத்துட்டேன். எனக்கு அடுத்த முறையில நின்ன காஜா முகைதீனுக்குப் போயிட்டு வீடு. அவன் பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைகள்லாம் வருது. எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன், இருக்கு. அஞ்சு நாளா அந்தச் சன்னலத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். நீ வந்து எறங்கி, ஒண்ணும் சொல்லாம அந்தச் சன்னல் பக்கம் நின்னு தெனம் அழுதிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்? சொன்னியே, அது போதும். நல்லா எழுது. மே மாசத்துக்கு விடுப்பு கேட்டிருக்கேன்."

ஏழு தடவை கேட்டாள். ஏழாம் தடவை ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். இதுவரை விசா வரவில்லை என்பதால் பிரிந்திருந்தாள். அதற்கு யார்மீதாவது பழி போடலாம். இனி தன் வாயால் சொல்லிப் பிரிந்திருக்கிறாள். அந்தப் பாரத்தை எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை. முன்பு ராத்திரிகளில் மட்டும் வந்த ஏக்கம் இப்போது பட்டப்பகலில், பாடம் நடத்தும் நடுவில், பஸ்ஸில் யாரோ ஒருவனின் பின்கழுத்தைப் பார்க்கையில், சொல்லாமல் வந்தது. ஆனாலும் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

நவம்பர் கடைசியில் பயிற்சி முடிந்தது. கிறிஸ்டியும் அனுராதாவும் பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பினார்கள். மே மாதம் பரீட்சை முடிந்த நாலாம் நாள் அசன் மைதீன் வந்திறங்கினான். நாற்பது நாள் விடுப்பு. முதல் ஒரு வாரம் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கொஞ்சம் கூச்சமாகவே பழகினார்கள். குவார்ட்டர்ஸ் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மாமிதான் ஒரு நாள், "ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்களேன்" என்றாள்.

பாபநாசம் போகலாமா என்று நிஷா கேட்டாள்.

"ஒன் பள்ளிக்கூடத்துக்குப் போவோம்" என்றான் அவன்.

கோடை விடுமுறையில் பள்ளி பூட்டிக் கிடந்தது. காவல்காரர் அவளை அடையாளம் கண்டு கதவைத் திறந்துவிட்டார். ஒன்பதாம் வகுப்பில் பெஞ்சுகளின் மேல் புழுதி படிந்திருந்தது. அசன் மைதீன் கைக்குட்டையால் முதல் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். முழங்கால் மேசைக்கடியில் அடங்கவில்லை. ஒருச்சாய்த்து மடக்கிக்கொண்டான்.

"தம்மாம்ல ஒரு இந்தியப் பள்ளிக்கூடத்துல விசாரிச்சேன்" என்றான், மேசையில் யாரோ கீறி வைத்திருந்த பெயரைத் தடவியபடி. "பி.எட். முடிச்சவங்கள எடுப்பாங்களாம். எப்பம்னு சொல்லல. வீட்டுக்கும் மறுபடி எழுதிக் குடுத்திருக்கேன். கெடைக்குமான்னு தெரியல."

"தெரியலன்னா தெரியலன்னு சொன்னா போதும்" என்றாள் நிஷா. அவன் சிரித்தான். வந்ததிலிருந்து முதல் தடவையாக, அந்தக் குழாயைத் திறந்து காட்டியபோது சிரித்த சிரிப்பு.

"சரி டீச்சர், பாடம் நடத்துங்க. நான் ஒங்கள டீச்சரா பாத்ததே இல்லையே."

அவள் மேடையில் ஏறினாள். பலகையின் கீழ்ச்சட்டத்தில் ஒரு துண்டு சாக்பீஸ் கிடந்தது. எடுத்ததும் கை பழக்கத்தில் வலது மேல் மூலைக்குப் போயிற்று, தேதி எழுத.

"தேதி வேண்டாம் புள்ள" என்றான் அவன்.

கை நின்றது. அவன் விடுப்பில் இன்னும் முப்பத்தோரு நாள் இருந்தது. அவள் கையைக் கீழே இறக்கி, பலகையின் நடுவில் பாடத்தின் தலைப்பை எழுத ஆரம்பித்தாள். அவன் பார்வை முதுகில் விழுவது தெரிந்து எழுத்து கோணியது. காதோரம் சூடேறியது.

"பைய எழுது" என்றான் அவன். "மணியடிக்க இங்கன யாரும் இல்ல."